ரப்பர் வளையம்

ஐந்து மணிக்கு மிளகாய் அரைபட வேண்டும்.
இல்லையென்றால் ஆறரைக்குக் கடை மேசையில்
நாற்பது நாசி லெமாக் பொட்டலம் இல்லை.
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில்
இது ஒன்றுதான் சட்டம். மற்றதெல்லாம் பேச்சு.

நூற்று இருபத்தொன்பது வெள்ளி பிளெண்டர்
இரண்டு வருடம் தாங்கும்.
மூன்றாவது தீபாவளியை எதுவும் பார்த்ததில்லை.
சாகும்போது ஒரு வாடை விடும்,
இறக்கத்தில் பிரேக் பிடித்த லோரி மாதிரி.
அன்றைக்குச் சம்பலும் இல்லை, காசும் இல்லை.
செத்தவற்றைத் துணி காயும் இடத்தில் அடுக்கியிருக்கிறேன்.
ஏன் என்று குணாளன் கேட்டதில்லை.

அவருக்குத் தெரிந்தது கணக்கு.
மின்சார பில்லின் முதுகில் எழுதினார்:
இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு.
எஃகு உடம்பு, ஓசையில்லா மோட்டார், பத்து வருட உத்தரவாதம்.
எதிர்ப்பக்கம்,
மலிவு பிளெண்டர் ஐந்து, அறுநூற்று நாற்பத்தைந்து.
ஐந்து சாவுக்கு ஐந்து நாள் வியாபாரம், ஐந்நூறு.
கூட்டினார். இன்னும் இடித்தது.
மீதி ஆயிரத்து நாற்பத்தைந்துக்கு நேரே
‘புவனேசின் எரிச்சல்’ என்று எழுதிக்
கீழே இரண்டு கோடு இழுத்தார்.
கணக்கு நேராகிவிட்டது.

என் எரிச்சலுக்கு ஒருவர் விலை போட்டதை
அன்றுதான் பார்த்தேன்.
குறைத்துத்தான் போட்டிருந்தார்.

வாங்கி வந்த அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஐந்தாம் மாடியில் பெட்டிமேலேயே உட்கார்ந்து
மூச்சு வாங்கினார்.
“பாரு, தாங்குது” என்றார்.

முதல் விடியலில் பொத்தானை அமுக்கினேன்.
இன்னொரு வீட்டில் யாரோ முனகுவது போல ஓடியது.
மிளகாய், வெங்காயம், பெலாச்சான்,
விதைகூடத் தட்டுப்படாமல் வழுக்கி இறங்கிற்று.
எனக்கு என்னவோ போலிருந்தது.
வேலை நடக்கிறதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு காக் நோர்லியா,
தொழிற்சாலைச் சட்டை, பாதி குத்திய தூடோங்,
கதவைத் தட்டிக் கேட்டாள்:
“ஊருக்குப் போயிட்டீங்களா? அரைக்கவே இல்லையே?”
இத்தனை வருடமும் என் பிளெண்டர்தான் அவளை எழுப்பியதாம்.
அலாரம் வைத்தால் பிள்ளை அழும்.
பிளெண்டருக்கு அழாது,
வயிற்றிலிருந்தே கேட்டுப் பழகிய சத்தம்.
ஐந்து ஐம்பதுக்கு பயான் லெப்பாஸ் பஸ் போய்விட்டது.
வாடகைக் காருக்குப் பதினெட்டு வெள்ளி.
பில்லின் முதுகில் இதற்கு வரிசையே இல்லை.

அன்றிலிருந்து
கரண்டிக் காம்பால் சுவரில் மூன்று தட்டு.
அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு வரும்.
பிறகுதான் சுவிட்ச்.

பன்னிரண்டு தவணையும் கட்டி முடித்து
இரண்டு மாதம்கூட ஆகவில்லை,
மூடி ஓரத்தில் சிவப்பாகக் கசிந்தது.
உத்தரவாத அட்டையை விளக்கடியில் வைத்துப் படித்தோம்.
மோட்டாருக்குப் பத்து வருடம்.
ரப்பர் வளையத்துக்கு ஒன்றுமில்லை.
புதியது எண்பத்தேழு வெள்ளி,
ஷா ஆலாமிலிருந்து வர மூன்று வாரம்.
குணாளன் பழைய பில்லைத் தேடி எடுத்தார்.
பேனாவைத் திறக்கவில்லை.

பூக்கட்டும் மங்கையர்க்கரசி நேற்றுக் கேட்டாள்,
அந்த மாதிரி ஒன்று வாங்கலாமா அக்கா என்று.
வாங்கு என்று வாய்வரை வந்தது.
வேண்டாம் என்பதும் பின்னாலேயே வந்தது.
“மூடியைப் பார்த்து வாங்கு” என்றேன்.
புரியாமல் சிரித்தாள்.

இன்றைக்கும் ஐந்து மணி.
மூன்று தட்டு. ஒரு தட்டு.
இடது உள்ளங்கையை மூடிமேல் வைத்து
அழுத்திப் பிடிக்கிறேன், பழையபடி.
அடியில் அது நடுங்குகிறது.
முன்னைவிட நல்ல நடுக்கம்தான்,
இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு வெள்ளி நடுக்கம்.
சுவருக்கு அப்பால்
குழாய் திறக்கும் சத்தம் கேட்கிறது.