பெட்டி எண் பதினேழு

முஸஃபாவில், ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்புறம்
எங்கள் ஆய்வுக்கூடம்.
அபுதாபிக் கடலடியில் துளைத்தெடுத்த மண்
உருட்டிவைத்த மாவுபோல
நீளப் பெட்டிகளில் வந்து சேரும்.
நிறம், ஈரம், மணலின் பருமன்
பார்த்து எழுதுவது என் வேலை.
கருத்துச் சொல்வதற்குச் சம்பளம் இல்லை.

பதினேழாம் பெட்டி.
மேலே வெள்ளை மணல், சிப்பி உடைசல்,
வழக்கமான கடல்.
இரண்டு மீட்டர் நாற்பதில்
ஈர வேட்டியில் சாயம் ஏறினாற்போல்
கறுப்பு.
முகர்ந்தேன்,
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
குளத்து நாற்றம்.
உப்புப் படாத நாற்றம்.
நாணல் வேர் ஒன்று தலைமுடிபோல
விரலில் சுற்றிக்கொண்டது.

ஹைதம், கார்ட்டூமிலிருந்து வந்த புவியியலாளர்,
தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்.
"ஆறு" என்றார். போய்விட்டார்.
பாதி வழியில் திரும்பி வந்தார்.

இந்த வளைகுடா முழுக்க ஒரு காலத்தில் பள்ளத்தாக்காம்.
ஹோர்முஸ் வரை நடந்தே போகலாமாம்,
ஆற்றைக் கடக்கிற இடத்தில் மட்டும்
முழங்கால் நனைய.
உலகத்தின் வேறு மூலைகளில்
பனி, ஏரிகளைக் கட்டி வைத்திருந்தது.
நம் ஏரி மாதிரி இல்லை:
மதகு இல்லை, கலங்கல் இல்லை,
தண்ணீர் திறக்க நாள் குறிப்பார் இல்லை.
ஒரு ராத்திரி பனிக்கரை போயிற்று.
வீடளவு பாறைகளைப் புளியங்கொட்டையாய் உருட்டிக்கொண்டு
நீர் கடலுக்கு ஓடியது.
அப்படி எத்தனையோ ராத்திரிகள்.
பனி உருகிய மிச்சமெல்லாம் சேர்ந்து
கடல்.

அங்கே ராத்திரி. சரி, இங்கே?
"இங்கே சத்தமே இல்லை" என்றார்.
தட்டை நிலம்,
கடல் ஏற வேண்டியதில்லை, பரவினால் போதும்.
சில காலம், வருஷத்துக்கு ஒரு கிலோமீட்டர்.

எனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டேன்.
ஒரு விசா இரண்டு வருஷம்.
முதல் விசாவில், மீன் கடை.
இரண்டாவதில், பஸ் ஸ்டாப்பும் எங்கள் கேம்ப்பும்.
நான் ஆறாவது விசாவில் இருக்கிறேன்.

கடல்கோள் என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு.
கொள்வது.
பெண் கொள்வதுபோல், நெல் கொள்வதுபோல்.
அப்படியானால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும்.
யாரும் அலறியிருக்க மாட்டார்கள்.
"இந்த வருஷம் கொஞ்சம் கிட்ட வந்திருக்கு"
என்றபடி ஒருத்தி
அடுப்புக் கல் மூன்றையும் தூக்கி
மேட்டுப் பக்கம் வைத்திருப்பாள்.
மறு வருஷமும்.
அவள் மகளும்.
பனிக்கட்டியைக் கண்ணால் காணாதவள்
பனிக்கட்டிக்கு இடம் விட்டுக்கொண்டே போயிருப்பாள்.

மதியம் வெளியே வந்தேன். நாற்பத்தாறு டிகிரி.
பாம்பன்காரன் எமரிட்
மீன் மார்க்கெட்டுக்குப் பாளம் ஏற்றிக்கொண்டிருந்தான்.
"போய்ச் சேரும்போது முக்கால்தான் நிக்கும்ணே.
பாக்கி ரோட்டுக்கு."
பிக்கப்பின் பின்கதவிலிருந்து ஒழுகிய நீர்
தூசியில் வழி தேடி வந்து
என் செருப்பைத் தொட்டது.
பேச்சை நிறுத்தாமலே
ஓரடி தள்ளி நின்றேன்.

அதற்கப்புறம்தான் உறைத்தது.

சாயங்காலம் அறிக்கை போக வேண்டும்.
அந்த இடத்தில் தீவு போடுகிறார்கள்,
ஹோட்டலோடு.
அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: தாங்குமா?
எழுதினேன்:
இரண்டு நாற்பது முதல் மூன்று பத்து வரை
கறுப்புக் களி, வேர்கள் உண்டு.
வலுவற்றது.
தோண்டி அகற்றிவிடலாம்.

குறிப்பு என்ற கட்டத்தில்
ரொம்ப நேரம் பேனா நின்றது.
ஹைதம் விளக்கை அணைக்க வந்தார்.
'நல்ல தண்ணீர்' என்று எழுதி
அடித்துவிட்டேன்.
அடித்தது தெரிகிற மாதிரி.