வெள்ளிக்கிழமை புறப்பட்ட வீடு

மண் சக்காவுடையது.
பச்சை அட்டை போட்ட சான்றிதழ் உண்டு.
அளவைக்காரர் வந்து நாலு மூலையிலும்
சிவப்புத் தலைக் கல் நட்டுவிட்டுப் போனார்.

மண்மேல் நிற்கிற வீடு இந்தாங்குடையது.
அதற்குத் தாள் ஏதும் கிடையாது.
இருபது மரக்கால், ஏழு படி,
தகரக் கூரையில் இரண்டு ஓட்டை,
நடுவில் தொப்புள் தூண்.
குடிவந்த அன்று அதற்குத்தான் முதலில் தண்ணீர் வார்த்தார்கள்.

மப்பியாரே செத்து நாற்பதாம் நாள் ஓதி முடிந்ததும்
தம்பி சக்கா படிக்குக் கீழேயே நின்று சொன்னான்:
"அண்ணி, கிராம்பு வைக்கலாம்னு இருக்கேன்."
"எப்போ?"
"அறுப்பு முடிஞ்சு."
"அப்போ ஒரு வெள்ளிக்கிழமை வெச்சுக்கோ.
தொழுகை விட்டதும் ஆள் கிடைக்கும்."

ஒரு சண்டையை
இவ்வளவு சின்னக் குரலிலும் போடலாம்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி இரண்டு தரம் கூப்பிட்டது.
தொண்ணூறு பேர் வந்தோம்.
கண்ணாடித் தம்ளர்களைச் சாரோங்கில் முடிந்து
தொப்புள் தூணில் கட்டினாள்.
நிலைக்கண்ணாடியை மட்டும் கழற்றி
என் வீட்டில் வைக்கச் சொன்னாள்.
கால்களுக்குக் குறுக்கே மூங்கில் கட்டியபோது
எனக்கு முன்னால் வந்து தோள் கொடுத்தவன் சக்கா.
யாரும் அவனைக் கூப்பிடவில்லை.
யாரும் போகவும் சொல்லவில்லை.

உவா தோலா விசில் ஊதினார்.
சினைமாடு எழுந்திருப்பதுபோல்
பின்பக்கம் முதலில் எழும்பி
ஒரு கணம் யோசித்து
முன்பக்கமும் எழுந்தது வீடு.
உள்ளே எங்கோ ஒரு கரண்டி விழுந்தது.

வாய்க்கால் ஓரம் அவள் அம்மா வழியில் வந்த துண்டு நிலம்,
நானூறு மீட்டர் போகவேண்டும்.
ஒரு பையன் கவட்டைக் கம்பால் மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்க
அடியில் குனிந்து போனது கூரை.
என் கண்ணுக்கு முன்னால் சக்காவின் பிடரி,
அதில் அண்ணனுக்கு இருந்த அதே சுழி.

பாதி வழியில் மழை.
செம்மாங்கின் அறுத்த வயலில் முழங்கால்வரை புதைந்தோம்.
"இறக்கு" என்றது விசில்.

செம்மாங் குடையோடு வந்தார்.
வீட்டைச் சுற்றி அடிவைத்து அளந்தார்.
"என் வயல்ல வீடு முளைச்சிருக்கே,
விதை போட்டது யாரு?"
தொண்ணூறு பேரும் சேற்றில் நின்று சிரித்தோம்.
எண்பத்தொன்பது என்று சொல்லவேண்டும்.

அப்போதுதான் பார்த்தோம், படி வரவில்லை.
பழைய இடத்தில்
ஏழு படியும் கட்டுக்கம்பத்தில் சாய்ந்து
வெறும் வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன.

யாரும் சொல்லாமல் சக்கா திரும்பி நடந்தான்.
மழைக்குள் தனியாக முதுகில் சுமந்துவந்து
வாசலில் சாத்தினான்.
அசைத்துப் பார்த்தான்.
மறுபடி கீழேயே நின்றான்.

மேலிருந்து இந்தாங் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள்.
"காலைக் கழுவிட்டு ஏறு.
பாரோங்கோ ஆறிப்போகுது."

அன்று இரவு
அவளுடையதுமல்லாத அவனுடையதுமல்லாத சேற்றின்மேல்
உட்கார்ந்து
வாழையிலை பிரித்துத் தின்றோம்.
பத்திரம் பற்றி யாரும் பேசவில்லை,
தவளைகள் விடவில்லை.

மறுநாள் விடிந்து வீடு போய்ச் சேர்ந்தது.
கால்களுக்கு அடியில் கிடந்த கற்கள்
மண்ணோடு சேர்ந்தவையா வீட்டோடு சேர்ந்தவையா,
பச்சை அட்டையில் அது இல்லை.
சக்கா தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பினான்.
பத்தொன்பது.

இருபதாவதை அவள் கேட்கவில்லை.
கிராம்புக் கன்றுகளுக்கு நடுவே
சாயங்காலம் அதன்மேல் உட்கார்ந்து
அவன் புகை பிடிப்பதை
சந்தைக்குப் போகும்போது எல்லோரும் பார்க்கிறோம்.

நிலைக்கண்ணாடி
இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.
கேட்டால் கொடுத்துவிடுவேன்.