எழுபத்தொன்று, பின்னால் எழுபத்துமூன்று

புத்தகத்தில் எழுபத்தொன்று என்றிருக்கிறது.
நீல மை, மங்காத முத்திரை.
ஆனால் பின்சில்லுக்கு மேல் தகரம்
அரைநிலா வெட்டினாற்போல் வளைந்திருக்கிறது.
எம்.ஜி. மிட்ஜெட்டில் அந்த வளைவு
எழுபத்திரண்டில் வந்து
எழுபத்துநாலோடு போய்விட்டது.
முன்னதும் தட்டை. பின்னதும் தட்டை,
கறுப்பு ரப்பர் பம்பரோடு.

இதெல்லாம் நான் படித்தது
ஒரு புகைக்குழாய் வாங்குவதற்காக.
விற்பவன் முதலில் கேட்டதே
எந்த வருசம் என்றுதான்.

ஆரையம்பதி மெயின் றோட்டில்
ஜௌபர் பள்ளத்துக்குள் இறங்கி டோர்ச் அடித்தான்.
"இது ரெண்டு கார் கா"
கீழிருந்து குரல் மட்டும் வந்தது.
"கதவுக்கு இஞ்சால ஒண்டு, அங்கால ஒண்டு.
நடுவால தைச்சிரிக்காங்க.
நல்ல கைதான், குறை சொல்லேலா.
மறுகா, சைலன்சரும் ரெண்டு இரிக்கு.
அதுதான் ஏனெண்டு விளங்கல்ல."

தம்பியின் காரை எனக்கு விற்றவள்
ஒக்டேவியா ராகல். போன் எடுத்தேன்.
எழுபத்தெட்டு நவம்பர்ச் சூறாவளியில்
கராஜோடு சேர்த்துப் பின்பக்கத்தையும்
ஒரு தென்னை மடித்துவிட்டதாம்.
கொழும்பில் முன்பக்கம் நசுங்கிய ஒன்று கிடந்ததாம்.
இரண்டு வீட்டுக்குச் சம்பந்தம் பேசினவள்போல்
சந்தோசமாய்ச் சொன்னாள்.

சைலன்சர் என்றதும்
கொஞ்ச நேரம் அவள் வீட்டு ஃபேன் சத்தம்தான் கேட்டது.
"அது மேர்வின் எண்பத்தாறில பூட்டினது.
காலை எடுத்தா படீரெண்டும்.
பாலத்தடியில சென்றி.
நிண்டதெல்லாம் சின்னப் பொடியன்கள், பயந்தவன்கள்.
ஒரு பெட்டி காணாதெண்டு ரெண்டாவதும் வச்சான்.
இழுவை போனாப் போகட்டும் எண்டான்."

இந்த எஞ்சினுக்கு நாலு சிலிண்டர்,
புகை வெளியேற மூன்றே வாசல்.
நடுவில் இருக்கும் இரண்டும்
ஒரே வாசலில் முறைவைத்து மூச்சுவிட வேண்டும்.
அதனால் நடுக்கிளையை மட்டும் நீளவிட்டு
ஒரு மனிபோல்ட் வார்த்தெடுக்காமல் வளைத்தெடுக்கிறார்கள்.
இரண்டு மாதம் கப்பலில்,
மூன்று கிழமை சுங்கத்தில்.
பெட்டியைப் பிரித்தபோது
மூன்று விரல், நடுவிரல் அளவு மீறி.

ஜௌபர் இரண்டாம் சைலன்சரை வெட்டினான்.
உள்ளே கரியும் துருவும்.
வேறென்ன எதிர்பார்த்தேன்?
"கொண்டுபோங்க, பழைய இரும்புக்காரன் காசு தருவான்."

ஸ்டார்ட் பண்ணியதும்
பக்கத்துக் கோழிக்கடையில் கூடு முழுதும் எழும்பியது.
ஜௌபர் சிரித்தான். நானும்.
மூவாயிரம் சுற்றில் உறுமல்.
நாலாயிரம் தாண்டியபின்
துணி கிழிகிறது,
கிழிந்து முடியாத துணி.

கல்லடிப் பாலத்தில் ஏறி
மூன்றாம் கியரில் காலை எடுத்தேன்.
படீர்.

மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் காலூன்றி நின்றார்.
என்னைப் பார்க்கவில்லை.
தரையைப் பார்த்தார்,
எங்கே படுப்பதென்று இடம் தேடுகிற பார்வை.
பிறகு நிமிர்ந்து காரைக் கண்டார்.
அருகில் நிறுத்தியதும்
பெட்டிக் கயிற்றை இறுக்கியபடி
"நல்ல வாகனம்" என்றார்.
எனக்கும் அவருக்கும் ஒரே வயதிருக்கும்.
வெடித்தது என் கார்தான் என்று தெரிந்தும்
என் தலையும் ஸ்டியரிங்குக்குக் கீழே போயிருந்ததை
அவரிடம் சொல்லவில்லை.

நடுக்கிளையை விடமாட்டேன்.
அதற்குச் சுங்கத்தில் அழுத காசு எனக்குத் தெரியும்.
மற்றதை ஜௌபரிடம் கேட்கவேண்டும்.
இன்று வெள்ளி, கடை பூட்டு.

பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு
இருக்கிறது மேர்வினின் பெட்டி,
மடியில் துரு உதிர்த்துக்கொண்டு.
கியர் மாற்றாத நேரம் இடக்கை அதன்மேல்.
பாலம் வருகிறது.
காலை மெல்ல எடுக்கிறேன்.