நிமிடத்துக்கு ஒன்பது சுற்று

இரண்டு ஊசிக்குழல்கள்.
இதில் மூன்று மில்லி, அதில் மூன்று மில்லி.
கண்ணளவில் கலந்த ஒரு கோல்
போன வருஷம் முழுக்க
தொட்ட விரலிலெல்லாம் ஒட்டிக்கொண்டு திரிந்தது.

சுப்பீரியர் ஏரிக்கரை, ஜனவரி.
நிலவறைக் குளிரில் எப்பாக்ஸி
பழந்தேனாய்க் கெட்டித்துக் கிடந்தது.
குப்பியை வெந்நீரில் இறக்கி
பால்சூடு பார்ப்பதுபோல்
மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன்.
பிறகு கலக்கினேன், மெல்ல.
கலக்கும்போது பட்ட அவசரம் அத்தனையும்
குமிழாக வந்து நிற்கும்.

கோல் ராய்ஸ் ஹௌகனுக்கு.
அவனுக்குத் தெரியாது.
அவன் மனைவி லின்னியா
அக்டோபரிலேயே பாதிப் பணத்தை
இருபது டாலர் தாள்களாக எண்ணி வைத்து
"பிறந்தநாள் வரை மூச்சு விடாதே" என்றாள்.
பதினோரு வளையங்கள், மாதுளை நிற நூல்.
கைப்பிடிக்கு மேலே வெள்ளி மையில் அவன் பெயர்,
இரண்டு முறை அழித்து எழுதியது;
கடைசியில் வருவது 'ஈ'யா 'ஏ'யா என்று
அவளையே போனில் கேட்க வேண்டியிருந்தது.

தூரிகை நுனி பட்டதும்
நூல் உள்ளிருந்து சிவந்தது.
நாய்முடி ஒன்று. ஊசியால் எடுத்தேன்.
ஸ்பிரிட் விளக்கைக் கீழே காட்டியபோது
குமிழ்கள் மேலேறி வந்து
ஒவ்வொன்றாய்க் கண்மூடின.
கோழி சுடும் அடுப்பிலிருந்து கழற்றிய மோட்டார்
நிமிடத்துக்கு ஒன்பது சுற்று.
சுற்றிக்கொண்டிருக்கும்வரை
பிசினுக்கு எது கீழ் என்று தெரியாது.

எட்டேகாலுக்குக் கரண்ட் போனது.

மாலையிலிருந்தே உறைமழை
கூரையில் அரிசி கொட்டிக்கொண்டிருந்ததுதான்.
இருட்டைவிட முன்னால்
மோட்டார் இல்லாதது காதில் விழுந்தது.
கோல் நின்ற இடத்தில் நின்றது.
பதினோரு கட்டுகளிலும் எப்பாக்ஸி
கீழே என்றொரு திசையைக்
கண்டுபிடிக்கத் தொடங்கியது.

நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
கால் சுற்று. இருபது எண்ணு.
கால் சுற்று. இருபது எண்ணு.
ஹீட்டரும் போய்விட்டது;
குளிரக் குளிர
இறுகும் நேரம் நீளும்.

லின்னியா கூப்பிட்டாள்.
குன்றுக்கு அப்பால் மின்கம்பி அறுந்து கிடக்கிறதாம்,
ராய்ஸைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக்
கூட்டிப்போய்விட்டார்களாம்.
அவன் வேலை அதுதான், கம்பத்து வேலை.
"கோல்?"
"சுற்றுகிறது."
"கரண்ட்டே இல்லையே."
"கை இருக்கிறது."
அவள் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை,
போனை வைக்கவும் இல்லை.
நான் வாய்க்குள் எண்ணியது
அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்,
பதினெட்டு, பத்தொன்பது என்று
அவளும் சேர்ந்துகொண்டாள்.

அவன் ஏணிக்கூண்டில் முப்பதடி உயரத்தில்.
நான் கவிழ்த்த வாளியில் ஒன்றரை அடி உயரத்தில்.
அவன் கையுறையில் பனி,
என் கட்டைவிரலில் பிசின்.
பத்து மணிக்கு இருபதை அறுபதாக்கினேன்.
பதினொன்றுக்கு, எண்ணிக்கையின் நாற்பதுகளில் எங்கோ
தூங்கிப்போனேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது.
திடுக்கிட்டு விரலால் துழாவினேன்:
ஏழாவது வளையத்துக்கடியில் ஒரு தொங்கல்,
மீன்முட்டை அளவு.
தூரிகை கோப்பைக்குள்ளேயே கல்லாகியிருந்தது.
கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒன்று நாற்பதுக்குக் கோல்
என் கையை உதறிக்கொண்டு
தானாகச் சுற்றியது.
மாடியில் ஃப்ரிட்ஜ் முனகியது,
நாய் எதையோ பார்த்துக் குரைத்தது.
போனில் லின்னியா ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்:
வந்துவிட்டது.
கரண்ட்டையா அவனையா, நான் கேட்கவில்லை.

அந்த மீன்முட்டையை
உரசி எடுத்து இன்னொரு பூச்சு கொடுக்கலாம்.
அரைமணி வேலை.
கொடுக்கப்போவதில்லை.
ஏப்ரலில், ஆறு உடையும்போது,
முதல் ட்ரௌட் இழுப்பதற்கு முன்பே
ராய்ஸின் கட்டைவிரல் அதைக் கண்டுபிடித்துவிடும்.
"இங்கே என்ன, கை நடுங்கிவிட்டதா?" என்பான்.

"நீதான் லேட்" என்று சொல்ல
வைத்திருக்கிறேன்.