இருபத்தொன்று

சியோலில் எங்களுக்கு இரண்டரை மணி முந்தி விடிகிறது.
நான் பல் துலக்குவதற்குள்
அங்கே தள்ளுபடி முடிந்துவிடும்.

பசுண்டாங், நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு,
நுனியில் கிளிப்.
பார்சல் பையன் கீழே இழுத்தால்
மேலே மணி அடிக்கும்.
ரசீது ஏறும். பை இறங்கும்.
பெகு, தாட்டோன், மௌல்மீன் என்று
இரவுப் பேருந்துகளின் வயிற்றில்
கொரியாவின் பளபளப்பு
வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் படுத்துப் போகும்.

எட்டு மணிக்குக் கரண்ட் வரும் என்பது வதந்தி.
வந்தால் லைவ்.
"மிங்கலாபா, வணக்கம், இன்றைக்குக் குஷன் பவுடர்."
இரண்டே நிறம்:
இருபத்தொன்று, இருபத்துமூன்று.
அதற்கப்பால் மனுஷத்தோல் இல்லை என்பது
தொழிற்சாலையின் கணக்கு.

பூசிக் காட்டுங்கள் என்பார்கள். காட்டுவேன்.
கை மட்டும் எதிர்வீட்டு நிலாருடையது.
கேமராவுக்கு வெளியே என் குரல்,
உள்ளே அவள் மணிக்கட்டு.
ஒரு லைவுக்கு மூவாயிரம் கியாட்,
முகத்தில் ஒட்டும் ஷீட் ஒன்று.
மூன்று வருஷமாக யாரும் கேட்டதில்லை.
சமயத்தில் நானே மறந்துபோய்
அந்தக் கையால் என் மூக்கைச் சொறியப் போயிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நிலாருக்குக் காய்ச்சல்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள்.
வளையலைக் கழற்றி வைத்துவிட்டு
என் கையை நீட்டினேன்.
கரும்பலகையில் பாதி அழித்த கணக்கு மாதிரி
என்மேல் நின்றது இருபத்தொன்று.

பறந்துகொண்டிருந்த இதயங்கள் நின்றன.
யார் கை இது, என்றாள் ஒருத்தி.
உங்களுக்குத் தனக்கா போதுமே அக்கா, என்றாள் இன்னொருத்தி,
அன்பாகத்தான்.
பிறகு தாட்டோனிலிருந்து ஒரு வரி,
பர்மிய எழுத்தில் தமிழ்:
"அந்தக் கை நிறத்தில் ஒன்று இருக்கா?
வைகாசியில் எனக்குக் கல்யாணம்."

பதில் சொல்ல வாயெடுத்தேன்,
கரண்ட் போயிற்று.

போனில் ஒன்பது சதவீதம்.
சியோலின் கிடங்குகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
இருபத்தைந்து: ஏற்றுமதி இல்லை.
இருபத்தேழு: மாதிரி மட்டும்.
முப்பத்தொன்று என்று ஒன்று இருந்தது, நிஜமாகவே.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன்.
கீழே சிவப்பில்: விற்றுத் தீர்ந்தது.

தீர்ந்ததா?
அப்படியானால் வாங்கியிருக்கிறார்கள்.
யார்? எந்த ஊரில்?
எத்தனை பேர் எனக்கு முன்னால்
வரிசையில் நின்றிருக்கிறார்கள்,
நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது?

மெழுகுவத்தியில் ஆர்டர் நோட்டைத் திறந்தேன்.
பெயர்: முத்தழகி, தாட்டோன்.
முன்பணம்: வாங்கவில்லை.
நிறம் என்ற கட்டத்தில்
'என் கை' என்று எழுதினேன்.

கழுவலாம் என்று குழாயைத் திருகினால் தண்ணீர் இல்லை.
நாலாம் மாடிக்கு ஏற மோட்டாருக்கும்
கரண்ட் வேண்டும்.
விடியும்வரை என்மேலேயே கிடந்தது
இருபத்தொன்று.