மூன்றாம் எச்சரிக்கை

காலை பத்துக்கு இரண்டாம் எச்சரிக்கை.
ரெதுய் வளாகம் பேருந்துகளில் ஏறிப் போய்விட்டது.
நான் மட்டும் மாடிமாடியாக
ஜன்னல் கொக்கிகளைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
தாளில் இருப்பதற்குத்தான் இந்தப் பயமெல்லாம்,
மின்னிதழ்களுக்குச் சாரல் அடிக்காது என்று
காவலாளி ஃபைசாலிடம் சொன்னேன்.
மழை அதற்குள் படுக்கைவசத்தில் பெய்யத் தொடங்கியிருந்தது.

கத்ர் போர்னில் வீடு வந்து
வாளி, அண்டா, குளியல் தொட்டி,
கழுவி வைத்த பெயிண்ட் டப்பா வரைக்கும்
தண்ணீர் பிடித்தேன்.
வானொலி மூன்று என்றது.
தெருவே பிடித்துக்கொண்டிருந்தது.
மேட்டு வீட்டுக் குழாயில் காற்று மட்டும் வந்ததாம்.
அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான்காம் நாள் வெயில்.
கரும்பெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது
சீப்பு வைத்து வாரியது போல.
கரண்ட் வந்தது, கூடவே கடல் தாண்டி ஒரு கடிதம்.
ஐந்து மணி நேரத்தில்
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு கட்டுரைகள்.
உங்கள் வளாகத்திலிருந்து.
எந்திரச் செயல் என ஐயம்.
ஆகவே வாசல் அடைக்கப்படுகிறது.

நிமிடத்துக்கு எட்டு.
எந்தக் கண் அப்படி வாசிக்கும்?

மேஜை முன்னால் வரிசை நீண்டது.
வேளாண் துறைப் பேராசிரியர் சூப்ரமணியென்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
நானே கதவைச் சாத்தியது போல என்னைப் பார்த்தார்.
நாளை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய பையன்
திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.
அனுமதி இல்லை. அனுமதி இல்லை.

பதிவேட்டைத் திறந்தேன்.
புயல் இரவில் யார் எதைப் படித்தார்கள் என்று
வரிவரியாக அதில் இருக்கும்.
கருச்சிதைவுக்குப் பின் வரும் காய்ச்சலைப் பற்றி
மூன்று மணிக்கு, கைபேசியிலிருந்து, ஒருவர்.
பெயரைப் பார்க்குமுன் சட்டென்று உருட்டிவிட்டேன்.
ஒரு வரியைத் தேடும் வேலை என்றுதான்
சம்பளம் கொடுக்கிறார்கள்.
மற்ற வரிகளைப் பார்க்காமல் இருப்பதும்
அந்தச் சம்பளத்தில்தான் அடக்கம்.

கொராலி மிலாசார்.
ரோட்ரிக்ஸ் தீவு. முதுகலை இரண்டாம் ஆண்டு.
ஆக்டோபஸ் பிடிக்கத் தடை போட்ட மாதங்களில்
பெண்கள் எதை வைத்து உலை ஏற்றினார்கள் என்பது ஆய்வு.
வந்தாள். கண்களில் தூக்கமில்லை.
"மதாம் வையாபுரி, நான் யாருக்கும் விற்கவில்லை.
மோக்கா அறையில் விளக்கு மினுங்கியது.
தோழன் கொடுத்த ஒரு சின்ன நிரல்.
கரண்ட் போகுமுன் பிடித்து வைத்துவிடலாம் என்று…"

பிடித்து வைத்து.
அந்தச் சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன்.
என் குளியலறையில் இன்னும் இரண்டு வாளி அப்படியே,
மேலே கொசுப்புழு நெளிய.

உரிமத்தில் பதினொன்றாம் பத்தியை எடுத்துக் காட்டினேன்.
படிக்கலாம். தேவையானதை எடுக்கலாம்.
மொத்தமாக அள்ளக் கூடாது.
கடவுச்சொல்லைக் கைமாற்றக் கூடாது.
"எல்லாக் குழாயும் ஒன்றாய்த் திறந்தால்
மேட்டுக்கு ஏறாது, பெண்ணே" என்றேன்.
சொல்லும்போதே குரல் கொஞ்சம் தடுமாறியது.
அந்த உரிமத்தை நானே
ஒரே ஒரு தடவைதான் முழுக்கப் படித்திருக்கிறேன்,
அதுவும் கையெழுத்துப் போடும் அவசரத்தில்.

"இதில் எத்தனை படித்தாய்?"
"பத்தொன்பது."
மற்றவற்றை என் எதிரிலேயே அழித்தாள்.
பட்டை நகர நகர
உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது.
பென் டிரைவ் உண்டா என்று கேட்டேன்.
கழுத்துச் சங்கிலியிலிருந்து கழற்றி மேஜையில் வைத்தாள்.
கேட்டிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

'சம்பவம் கையாளப்பட்டது' என்று பதில் எழுதினேன்.
யாருடைய பெயரும் அதில் இல்லை.
வெள்ளிக்கிழமை வாசல் திறந்தது.
ஆய்வேட்டுப் பையனுக்கு அது ஒரு நாள் தாமதம்.
கடனாக இன்னும் நிற்கிறது.

ஜூலையில் கொராலி ஊர் திரும்பினாள்.
அன்றே கணக்கும் மூடிவிட்டது.
நேற்று மின்னஞ்சல்:
"மதாம், ஒன்று. ஒன்றே ஒன்று வேண்டும்.
பக்கம் 41 முதல் 58. கிடைக்குமா?"

மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது.
பத்திபத்தியாக, விரல் வைத்து,
இரண்டாம் தடவை
உரிமத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்,
எங்காவது ஒரு 'ஆம்' எழுதியிருக்கிறார்களா என்று.