நீளம், அகலம், ஆழம்

உட்துறைமுக வீதியில் கூரை ஒழுகும் மண்டபம்.
நாற்பது கதிரை, பதினேழு பேர்.
மிச்சக் கதிரைகளில் எங்கள் தொப்பிகள்.

முதல் நாள் சட்டம்.
நூறு வருசத்துக்கு மேல் பழசு. தண்டம் நூறு ரூபாய்.
"ரெண்டு தேத்தண்ணிக் காசு, டொக்டர்"
என்றான் பின்வரிசையில் ஒருவன்.
டொக்டர் றிஸ்மியா சிரிக்கவில்லை.
"அப்ப அந்த ரெண்டு தேத்தண்ணிக்காவது
வடிவா எழுதுங்கோ."

மதியம், வாசலில் நின்ற புள்ளிமான்
பொலித்தீன் ஒன்றை மென்றுகொண்டிருந்தது.
எதிரி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.
சோற்றுப் பொதி எங்களுடையது.

இரண்டாம் நாள் காயம்.
முதலில் தொடாதே, படம் எடு.
பக்கத்தில் அடிமட்டம் வை.
அடிமட்டம் இல்லாத காயம்
நீதவானுக்கு வெறும் சிவப்பு.
கயிறு அறுத்ததா, கம்பி அறுத்ததா?
புழு இருந்தால் போத்தலில் போட்டு முத்திரை வை,
புழுவின் வயதை வைத்துத்தான்
காயத்துக்கு வயது சொல்லலாம்.
"கொடூரமாக" என்று எழுதாதே.
"பரிதாபமாக" என்று எழுதவே எழுதாதே.
கண்டதை எழுது.
நீளம், அகலம், ஆழம்.

மூன்றாம் நாள்
கன்னியா றோட்டில் மறித்த லொறி.
நாலு மாடு நிற்கிற இடத்தில் பதினொன்று.
எனக்கு ஒரு சிவலை எருது.
விலாவில் உள்ளங்கையை வைத்து
கண்ணை மூடி எண்ணச் சொன்னார் டொக்டர்.
ஒன்று. இரண்டு. மூன்று.
ஏழில் என் கை நின்றுவிட்டது.

நான் அப்போது நாலாம் வகுப்பு.
பதினாறு மாதம் கழித்து அண்ணனை விட்டார்கள்.
படலையடியில் வைத்தே அம்மா
சட்டைக்கு மேலால் இப்படித்தான் எண்ணினா.
படம் எடுக்க ஒருவரும் வரவில்லை.
அடிமட்டம் என் புத்தகப் பைக்குள் கிடந்தது.

இன்று நான் போட்டிருக்கும் சட்டையின் நிறம்
அண்ணனுக்குப் பிடிக்காது.
நான் வீட்டுக்குப் போனால்
கொடியில் காயும் அதைச் சுற்றிக்கொண்டு நடப்பான்.

"என்ன கோணேஸ்வரி?"
"ஒண்டுமில்லை டொக்டர், திரும்ப எண்ணுறன்."

இடப்பக்கம் பதின்மூன்று.
பதின்மூன்றும் வெளியே தெரிகிறது.
மூக்கணாங்கயிற்றுப் புண்:
நீளம் நாலு சென்ரிமீற்றர், அகலம் ஒன்று.
ஆழம் பார்க்க விடவில்லை, தலையை இழுத்தது.

பத்தொன்பதாம் கட்டம்: விலங்கின் நடத்தை.
எழுதினேன்:
"அலுவலரின் சட்டைக் கையை நக்கியது.
உப்புக்காக இருக்கலாம்."

இரண்டாவது வரியைச் சிவப்பால் வெட்டி
ஓரத்தில் "ஊகம்" என்று போட்டார்.
முதல் வரியை
விட்டிருந்தார்.